பொய்ரோ விடைபெற்ற விதம்

2013 நவம்பர் 13 அன்று இரவு, பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் எர்க்யூல் பொய்ரோ இறந்தார். அகதா கிறிஸ்டி படைத்த அந்த பெல்ஜியத் துப்பறிவாளரின் வழக்குகள் 1989 ஜனவரி 8-ஆம் தேதி தொடராக வரத் தொடங்கியிருந்தன. கால் நூற்றாண்டில் 13 பருவங்கள், 70 படங்கள். முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை பொய்ரோவாக நடித்தவர் டேவிட் சூஷே ஒருவரே. பொய்ரோவை வைத்து கிறிஸ்டி எழுதிய 33 நாவல்களும், சிறுகதைகளில் அநேகமாக எல்லாமும் திரைக்கு வந்துவிட்டன. ஒரே நடிகர், ஒரே பாத்திரம், இத்தனை முழுமை என்று அப்போதே எல்லோரும் வியந்தார்கள். வியப்பு நியாயமானதே. ஆனால் எண்ணிக்கையை வைத்து எந்தத் தொடரும் மனதில் நிற்பதில்லை. முடிவை நெருங்கிய ஆண்டுகளில் இந்தத் தொடர் என்ன செய்தது என்பதில்தான் அதன் பெருமை இருக்கிறது. கடைசி வழக்கு வருகிறது என்று தெரிந்ததும், அதுவரை கொண்டாடிவந்த நாயகனின் நம்பிக்கையையே அது விசாரணைக் கூண்டில் ஏற்றியது. ஒரு துப்பறியும் தொடர் முடிய வேண்டிய முறை இதுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம். கதைகளின் முடிவுகளைச் சொல்லாமல் இந்த வாதத்தை முன்வைக்க இயலாது. இன்னும் பார்க்காதவர்கள் அதை அறிந்தே மேலே படிக்க வேண்டும்.

வாரம் முடியும், தொடர் முடியாது

துப்பறியும் தொடரின் அமைப்பே முடிவுக்கு எதிரானது. குடும்பத் தொடரில் ஒரு கல்யாணம் நின்றால் அதன் விளைவு நூறு நாட்களுக்கு நீளும். துப்பறியும் தொடரில் ஒவ்வொரு வாரமும் கணக்கு தீர்ந்துவிடுகிறது. பிணம் கிடக்கிறது, சந்தேகத்துக்குரியவர்கள் வரிசையாக வருகிறார்கள், அவர்கள் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டிவைத்து துப்பறிவாளர் உண்மையை உடைக்கிறார். அடுத்த வாரம் வேறு பிணம், வேறு அறை. போன வாரக் கொலையின் சுமை எதுவும் அவர் தோளில் இருப்பதில்லை. உண்மை எவ்வளவு ஆழத்தில் புதைந்திருந்தாலும் தோண்டி எடுத்துவிடலாம், எடுத்துவிட்டால் நீதி தானாக நடக்கும் என்ற உறுதிமொழியை இந்தக் கதைவகை வாரந்தோறும் புதுப்பிக்கிறது. நாள் முழுக்க நீதி கிடைக்காத செய்திகளையே கேட்டுவிட்டு வீடு திரும்புகிறவருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் இப்படி இயங்கும் தொடருக்கு உள்ளிருந்து முடிவு வராது. நடிகருக்கு வயதாகும், பார்ப்பவர்கள் குறைவார்கள், செலவு கட்டுப்படியாகாது, சேனலின் நிர்வாகம் மாறும். இவற்றில் ஏதோ ஒன்றால் தொடர் நின்றுபோகும். நிற்பது வேறு, முடிவது வேறு. இத்தனை ஆண்டுகளாகக் கொடுத்துவந்த உறுதிமொழியை ஒருமுறையாவது சோதித்துப் பார்த்த பிறகுதான் தொடர் முடிந்ததாகச் சொல்ல முடியும். உண்மையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? குற்றவாளி சட்டத்தின் கைக்கு எட்டாத இடத்தில் நின்றால் என்ன செய்வது? ஊரார் வாழ்க்கையை எல்லாம் அலசியவர் தன் வாழ்க்கைக்கு என்ன கணக்கு வைத்திருக்கிறார்?

தொடங்கிய காலத்தில் பொய்ரோ தொடருக்கு இந்தக் கேள்விகளோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கிறிஸ்டியின் கதைகள் 1920-களிலிருந்து 1970-கள் வரை பரவியிருந்தபோதும், தயாரிப்பாளர் பிரையன் ஈஸ்ட்மனும் திரைக்கதையாசிரியர் கிளைவ் எக்ஸ்டனும் காலத்தை 1930-களிலேயே நிறுத்தி வைத்தார்கள். பொய்ரோவின் வீடாகக் காட்டப்பட்டது லண்டன் சார்ட்டர்ஹவுஸ் சதுக்கத்தில் உள்ள ஃபுளோரின் கோர்ட் என்ற அடுக்குமாடிக் கட்டடம். அதன் வளைந்த முகப்பும் கிறிஸ்டோபர் கன்னிங்கின் முகப்பிசையும் தொடரின் அடையாளங்கள் ஆயின. கபடமற்ற நண்பர் கேப்டன் ஹேஸ்டிங்ஸாக ஹியூ ஃபிரேசர், ஸ்காட்லாந்து யார்டின் தலைமை இன்ஸ்பெக்டர் ஜாப்பாக ஃபிலிப் ஜாக்சன், கோப்புகளை அடுக்குவதையே தவமாகக் கொண்ட செயலாளர் மிஸ் லெமனாக பாலின் மோரன். மூலக்கதைகள் பலவற்றில் இவர்கள் கிடையாது. இவர்களைப் பொய்ரோவுக்குக் குடும்பமாக்கியது தொலைக்காட்சிதான். வாரம் ஒரு கொலை நடந்தாலும் அந்த உலகம் பாதுகாப்பானதாக இருந்தது. பார்ப்பவர்கள் அதை நேசித்தார்கள்.

ஆனால் அந்த இலகுவான காலத்திலேயே பின்னால் நடக்கப்போவதற்கான விதை விழுந்துவிட்டது. அதை விதைத்தவர் சூஷே. நடிக்கத் தொடங்கும் முன் கிறிஸ்டியின் நூல்களைப் படித்து, பொய்ரோவின் இயல்புகளை 93 குறிப்புகளாக அவர் எழுதி வைத்துக்கொண்டார். நடை, பேச்சு, உடை, உணவு, கடவுள் நம்பிக்கை என்று எதுவும் அதில் விடுபடவில்லை. பொய்ரோவோடு சேர்ந்து மக்கள் சிரிக்கலாம், பொய்ரோவைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது என்று கிறிஸ்டியின் மகள் ரோசலிண்ட் ஹிக்ஸ் தன்னிடம் கண்டிப்பாகச் சொன்னதாக சூஷே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். அவருக்கு முன் திரையில் வந்த பொய்ரோக்களில், குறிப்பாக பீட்டர் உஸ்தினோவின் நடிப்பில், கேளிக்கை மேலோங்கியிருந்தது. 1985-இல் உஸ்தினோவ் பொய்ரோவாக நடித்த தொலைக்காட்சிப் படத்தில் சூஷே இன்ஸ்பெக்டர் ஜாப்பாக வந்தவர். அந்த அணுகுமுறையை அருகிலிருந்தே பார்த்தவர். தன் முறை வந்தபோது அவர் எதிர்த் திசையில் சென்றார். மீசையும் ஒழுங்குப் பித்தும் சிரிப்பை வரவழைத்தாலும், அந்த மனிதரின் ஒழுக்க உணர்வை அவர் எங்கும் விளையாட்டாக்கவில்லை. கொலையை ஒருபோதும் ஏற்க முடியாது என்று பொய்ரோ சொன்னால் அது அவருடைய மதநம்பிக்கையின் ஆழத்திலிருந்து வந்தது. நாயகனின் நம்பிக்கை இவ்வளவு உண்மையாக இருக்கும்போது மட்டுமே அதை ஒருநாள் சோதனைக்கு உட்படுத்த முடியும். கேலிப் பாத்திரத்தை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை.

வெளிச்சம் குறைந்த ஆண்டுகள்

2003-இல் தயாரிப்புக் குழு மாறியபோது தொடரின் முகமும் மாறியது. ஹேஸ்டிங்ஸ், ஜாப், மிஸ் லெமன் மூவரும் விலகிப் போனார்கள். முகப்பிசை பின்வாங்கியது. படங்கள் நீண்டன, நிறங்கள் அடர்ந்தன. அந்த ஆண்டு வந்த ‘ஃபைவ் லிட்டில் பிக்ஸ்’ இந்த மாற்றத்தின் முதல் அறிகுறி. கணவனைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஒரு பெண் குற்றமற்றவள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து பொய்ரோ நிறுவும் கதை அது. நாவலில் அந்தப் பெண் சிறையில் இறந்துபோகிறாள். திரைக்கதை எழுதிய கெவின் எலியட் அதை மாற்றி, அவளைத் தூக்கில் போட வைத்தார். சிறிய மாற்றம் போலத் தெரியும். ஆனால் அதன் பொருள் பெரிது. நாவலில் விதி கொன்ற பெண்ணை, திரையில் அரசாங்கமும் நீதிமன்றமும் கொல்கின்றன. பொய்ரோ உண்மையைக் கண்டுபிடிக்கிறார். அந்த உண்மையால் அவளை மீட்க முடியவில்லை. உண்மை வெளிவந்தால் நீதி நடக்கும் என்ற உறுதிமொழியில் விழுந்த முதல் விரிசல் அது. இதே கெவின் எலியட்தான் பத்தாண்டுகள் கழித்து, பொய்ரோ இறக்கும் கடைசிப் படமான ‘கர்ட்டன்’ திரைக்கதையையும் எழுதினார்.

இந்த மாற்றத்தைப் பழைய ரசிகர்கள் பலர் விரும்பவில்லை. நகைச்சுவை போய்விட்டது, நட்பு போய்விட்டது, பொய்ரோ சிடுசிடுத்த கிழவராகிவிட்டார் என்று அவர்கள் குறைபட்டார்கள். அந்தக் குறையை எளிதில் தள்ளிவிட முடியாது. இருளைத் தேடிய அவசரத்தில் சில படங்கள் மூலத்தை வீணாகச் சிதைத்தன. 2009-இல் வந்த ‘அப்பாயின்ட்மென்ட் வித் டெத்’ நாவலை விட்டு வெகுதூரம் விலகி, அதன் இறுக்கமான புதிரையே இழந்தது. ஆனால் மாற்றம் நிகழாமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் பார்க்க வேண்டும். கூட்டாளிகள் சூழச் சிரித்துக்கொண்டிருந்த 1990-களின் பொய்ரோவை அப்படியே தூக்கிவந்து ‘கர்ட்டன்’ கதைக்குள் உட்கார வைத்திருந்தால், அது அதிர்ச்சி வைத்தியமாக மட்டுமே இருந்திருக்கும். அந்த மரணத்துக்கு வேர் இருந்திருக்காது. பத்தாண்டுகளாகத் தனிமை அவரைச் சூழ்ந்ததும், அவர் கையில் செபமாலை அடிக்கடி தென்பட்டதும், வழக்குகள் வெற்றியில் முடிந்தபோதும் அவர் முகம் மலராததும் முடிவுக்கான வேர்கள். முடிவை நெருங்கும் தொடர் தன் ரசிகர்களின் வசதியைக் கொஞ்சம் பறித்துத்தான் ஆக வேண்டும்.

பனியில் விட்ட கேள்வி

அந்த வேர் மண்ணுக்கு மேலே தெரிந்த இடம் 2010 கிறிஸ்துமஸ் நாளில் ஒளிபரப்பான ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’. கதை பலருக்குத் தெரிந்ததே. ஒரு குழந்தையைக் கடத்திக் கொன்று, சட்டத்தின் ஓட்டை வழியே தப்பிய ஒருவனை, அவனால் வாழ்விழந்தவர்கள் ஒன்றுகூடி ரயிலில் கொல்கிறார்கள். பனியில் ரயில் சிக்கிக்கொள்ள, பொய்ரோ எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிறார். கடைசியில் காவல்துறையிடம் பொய்யான விளக்கத்தைக் கொடுத்து அவர்களைத் தப்ப விடுகிறார். 1974-இல் சிட்னி லூமெட் இயக்கி ஆல்பர்ட் ஃபின்னி நடித்த திரைப்படம் இதை மகிழ்ச்சியான முடிவாகக் காட்டியது. கொன்றவர்கள் ஷாம்பெயின் கோப்பைகளை உயர்த்தி ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்வார்கள். ஸ்டூவர்ட் ஹார்கோர்ட் எழுதி ஃபிலிப் மார்ட்டின் இயக்கிய தொலைக்காட்சிப் படத்தில் கோப்பைகள் எதுவும் உயரவில்லை. சட்டத்தைக் கையில் எடுத்தால் காட்டுமிராண்டிகளாகிவிடுவோம் என்று பொய்ரோ கொதிக்கிறார். நீதிமன்றம் தோற்றபோது எங்களுக்கு வேறு என்ன வழி என்று அவர்கள் கேட்பதற்கு அவரிடம் பதில் இல்லை. அவர்களை விட்டுவிடுகிறார், ஆனால் செபமாலையை இறுகப் பற்றியபடி பனியில் அழுதுகொண்டே நடக்கிறார். ஒரே கதை, ஒரே தீர்ப்பு. முந்தைய படம் தீர்ப்போடு நின்றது. பின்னதில் தீர்ப்புச் சொன்னவரின் வேதனை தொடங்கியது. இருபது ஆண்டுகளாகத் தொடர் ஒத்திப்போட்ட கேள்வி இங்கே வாய்விட்டுக் கேட்கப்பட்டது. கேட்டபின் பதில் சொல்லாமல் தொடர் நின்றுபோயிருந்தால் அது பார்வையாளருக்குச் செய்த துரோகமாகியிருக்கும்.

அந்த அபாயம் இருக்கவே செய்தது. தொடர் தொடருமா என்பதே சில காலம் நிச்சயமில்லாமல் இருந்தது. மீதமிருந்த ஐந்து கதைகளையும் எடுக்க ஐடிவி 2011-இல் ஒப்புக்கொண்டதும் எல்லாம் மாறியது. எத்தனை படங்கள் பாக்கி, எதில் முடிவு என்பது அனைவருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்ததால் அந்த ஐந்தையும் ஒரே பயணத்தின் படிகளாக அடுக்க முடிந்தது. 2013 ஜூனில் ‘எலிஃபன்ட்ஸ் கேன் ரிமெம்பர்’ வந்தது. அக்டோபர் இறுதியிலிருந்து வாரம் ஒன்றாக மற்ற நான்கும் வந்தன. ‘தி பிக் ஃபோர்’ ஹேஸ்டிங்ஸையும் ஜாப்பையும் மிஸ் லெமனையும் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றுசேர்த்தது. ரசிகர்கள் இழந்த குடும்பத்தைப் பிரிவுக்கு முன் ஒருமுறை திருப்பித் தந்தது. ‘டெட் மேன்ஸ் ஃபாலி’ டெவனில் கிறிஸ்டி வாழ்ந்த கிரீன்வே இல்லத்திலேயே படமாக்கப்பட்டது. அந்த நாவலின் மாளிகைக்கு முன்மாதிரியும் அதுவே. ‘தி லேபர்ஸ் ஆஃப் ஹெர்குலிஸ்’ படத்தில் பொய்ரோ காப்பாற்றுவதாக வாக்களித்த இளம்பெண் கொல்லப்படுகிறாள். அந்தத் தோல்வியின் குற்ற உணர்வோடு அவர் சுவிட்சர்லாந்து மலைக்குப் போகிறார். மூலத்தில் தனித்தனிச் சிறுகதைகளாக இருந்தவற்றை ஒரே கதையாக்கி, அதன் தலைவாசலில் இந்தத் தோல்வியை வைத்தது தொடரின் சொந்தத் தேர்வு. கடைசிப் படத்துக்கு முந்தைய வாரம் நாயகனைத் தோற்கடித்துக் காட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

கொலையை ஏற்காதவர் செய்த கொலை

‘கர்ட்டன்’ நாவலுக்கே தனி வரலாறு உண்டு. கிறிஸ்டி அதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுதி, வெளியிடாமல் பாதுகாப்பாக வைத்துவிட்டார். 1975-இல்தான் அது வெளிவந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் பொய்ரோவுக்கு முதல் பக்கத்தில் இரங்கல் செய்தி வெளியிட்டது. 1976 ஜனவரி 12-இல் கிறிஸ்டியும் மறைந்தார். முதல் நாவலின் களமான ஸ்டைல்ஸ் மாளிகைக்கே பொய்ரோவும் ஹேஸ்டிங்ஸும் முதுமையில் திரும்புகிறார்கள். பொய்ரோ சக்கர நாற்காலியில் இருக்கிறார். அங்கே தங்கியிருக்கும் நார்ட்டன் என்ற சாதுவான மனிதன்தான் குற்றவாளி. அவன் கையால் யாரையும் கொன்றதில்லை. பிறர் மனதில் இருக்கும் சிறு வெறுப்பைப் பேச்சால் ஊதிப் பெரிதாக்கி, அவர்களைக் கொலைகாரர்களாக்குவதே அவன் இன்பம். உலகத்திலேயே நேர்மையான மனிதர் என்று சொல்லத்தக்க ஹேஸ்டிங்ஸைக்கூட ஒரு கொலைக்குத் திட்டமிட வைத்துவிடுகிறான். பொய்ரோ தடுத்திராவிட்டால் அது நடந்திருக்கும். அவனுக்கு எதிராக எந்த நீதிமன்றத்திலும் நிற்கக்கூடிய சாட்சியம் இல்லை. உண்மை பொய்ரோவுக்கு முழுமையாகத் தெரியும். அந்த உண்மையால் ஒரு பயனும் இல்லை. கடைசியில் பொய்ரோவே அவனைச் சுட்டுக் கொல்கிறார். பிறகு, இதயவலிக்கான மருந்தை எட்டாத தொலைவில் தள்ளிவைத்துவிட்டு, செபமாலையோடு மரணத்துக்குக் காத்திருக்கிறார். மாதங்கள் கழித்து ஹேஸ்டிங்ஸுக்கு வரும் கடிதத்தில்தான் எல்லாம் தெரிகிறது.

ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் பயணிகள் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் கிடைக்கிறது. அந்தப் பதில் சுகமானது அன்று. சட்டம் தோற்ற இடத்தில் கொலை செய்தவர்களைக் கடிந்த மனிதர், அதே இடத்தில் நின்று அதே காரியத்தைச் செய்கிறார். அதற்குத் தண்டனையையும் தானே ஏற்கிறார். தான் செய்தது சரியா தவறா என்று அவருக்கே நிச்சயமில்லை. மன்னிப்பை இறைஞ்சிக்கொண்டே இறக்கிறார். அவர் செயலை நியாயப்படுத்தித் தட்டிக்கொடுப்பதையும், கண்டித்து ஒதுக்குவதையும் படம் தவிர்த்துவிடுகிறது. எழுபது கதைகளில் மற்றவர்களுக்குச் சொல்லிவந்த தீர்ப்பைத் தனக்கே சொல்லிக்கொண்டவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. வாரந்தோறும் கொலைகாரரைச் சுட்டிக்காட்டி நகர்ந்துவிடும் ஒரு கதைவகையில் இதைவிட நேர்மையான முடிவு சாத்தியமில்லை.

படம் எடுத்த வரிசையும் கவனிக்கத்தக்கது. கடைசியாக ஒளிபரப்பான ‘கர்ட்டன்’ ஐந்தில் முதலாவதாகப் படமாக்கப்பட்டது. மெலிந்து நொடிந்த பொய்ரோவாகத் தெரிய சூஷே உடல் எடையைக் குறைத்துக்கொண்டார். மரணக் காட்சியை முன்னதாக முடித்துவிட்டு, பிறகு துடிப்பான பொய்ரோவாகத் திரும்பவே அவர் விரும்பினார். அதன்படி இறுதிப் படப்பிடிப்பு 2013 கோடையில் கிரீன்வேயில் ‘டெட் மேன்ஸ் ஃபாலி’ படத்துக்காக நடந்தது. முடிவு எப்போது, எத்தனை படங்களில் என்று முன்கூட்டித் தெரிந்திருந்ததால்தான் இப்படித் திட்டமிட முடிந்தது. அடுத்த ஆண்டு உண்டா இல்லையா என்று தெரியாமல் படப்பிடிப்புக்கு வரும் குழுவுக்கு இந்தச் சுதந்திரம் கிடைப்பதில்லை.

மறுப்புகளும் பதில்களும்

முடிவு கிறிஸ்டியின் புத்தகத்திலேயே தயாராக இருந்தது, தொலைக்காட்சி அதை எடுத்து வைத்தது, இதில் தொடருக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். புத்தகத்தில் மரணம் மட்டுமே இருந்தது. மரணத்துக்கான பாதையைத் தொடர்தான் போட்டது. கிறிஸ்டி ‘கர்ட்டன்’ எழுதிய பிறகும் பல பொய்ரோ நாவல்களை எழுதினார். அவற்றில் பொய்ரோ அந்த முடிவை நோக்கி நகர்வதில்லை. வழக்கம்போல வழக்குகளைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார். தூக்குத் தண்டனையும் பனியில் வழிந்த கண்ணீரும் காப்பாற்ற முடியாமல் போன இளம்பெண்ணும் திரைக்காக உருவானவை. அவற்றைக் கோத்துப் பார்க்கும்போதுதான் ‘கர்ட்டன்’ ஒரு வாழ்வின் முடிவாகிறது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. முடிவே இல்லாத மகத்தான துப்பறியும் தொடர் ஒன்று இருக்கிறது: ‘கொலம்போ’. பீட்டர் ஃபாக் 1968-இல் முதன்முதலாக அந்தப் பாத்திரத்தில் தோன்றி, இடைவெளிகளோடு 2003 வரை நடித்தார். கடைசியாக வந்ததும் இன்னொரு வழக்குதான். பிரியாவிடை என்று எதுவும் இல்லை. 2011-இல் ஃபாக் மறைந்தார். இன்றும் மக்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். அப்படியானால் முடிவு எதற்கு? கொலம்போ தன் உள்மனதைப் பற்றி எதையுமே நமக்குச் சொல்வதில்லை. அவர் ஓயாமல் குறிப்பிடும் மனைவியை நாம் ஒருமுறையும் பார்த்ததில்லை. அவர் மனசாட்சி எந்த வழக்கிலும் சோதிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு வாரமும் சோதிக்கப்படுவது கொலைகாரரின் ஆணவமே. அந்தத் தொடர் தன் நாயகனைப் பற்றிக் கேள்வி எழுப்பவில்லை. அதனால் பதில் சொல்லும் கடனும் அதற்கு இல்லை. கேள்வி எழுப்பிவிட்ட தொடருக்குத்தான் முடிவு கட்டாயமாகிறது. பொய்ரோ அந்த எல்லையை 2003-இலேயே தாண்டிவிட்டது.

மூன்றாவது மறுப்பு வணிகம் சார்ந்தது. மக்கள் விரும்பும் நாயகனை முடித்துவைத்தால் சந்தை அவனை மறுபடி எழுப்பிவிடும், பிறகு முடிவுக்கு மதிப்பேது என்பது அதன் சாரம். முதல் உதாரணம் ஷெர்லக் ஹோம்ஸ். 1893 டிசம்பரில் ரைக்கன்பாக் அருவியில் அவரைத் தள்ளிவிட்ட கானன் டாயில், பத்தாண்டுகள் கழித்து அவர் சாகவே இல்லை என்று எழுத வேண்டியிருந்தது. ஆனால் அந்த மரணம் ஏன் நிலைக்கவில்லை என்று பார்க்க வேண்டும். ஹோம்ஸ் மீது டாயிலுக்குச் சலிப்பு வந்துவிட்டது. அவரைக் கொல்வதற்கென்றே மோரியார்ட்டி என்ற எதிரியை அந்தக் கதையில் புதிதாகக் கொண்டுவந்தார். ஹோம்ஸின் குணத்திலிருந்தோ நம்பிக்கையிலிருந்தோ அந்தச் சாவு பிறக்கவில்லை. நம் நாட்டு உதாரணம் சோனி தொலைக்காட்சியின் ‘சிஐடி’. 1998 ஜனவரியில் தொடங்கி 1,500 பகுதிகளுக்கு மேல் ஓடிய அத்தொடர், 2018 அக்டோபரில் தன் நாயகர்களின் கதையை முடித்துவைக்காமலே நின்றது. 2024 டிசம்பரில் திரும்பியும் வந்தது. ரசிகர்களுக்கு அது மகிழ்ச்சியே. ஆனால் இருபது ஆண்டுகள் ஒரு குழுவோடு வாழ்ந்த பார்வையாளர்களுக்கு முறையான விடை அப்போது மறுக்கப்பட்டது என்பதும் உண்மை. பொய்ரோவும் திரும்பி வந்திருக்கிறார்: 2017 முதல் கென்னத் பிரானா அவராகத் திரைப்படங்களில் நடித்திருக்கிறார், 2014 முதல் சோஃபி ஹன்னா புதிய பொய்ரோ நாவல்களை எழுதுகிறார். இவை எதுவும் சூஷேயின் பொய்ரோவை மீண்டும் உயிர்ப்பிக்கவில்லை. பாத்திரம் எத்தனை கைகளுக்கும் மாறலாம். 1989-இல் தொடங்கிய அந்த வாழ்வு 2013-இல் நிறைவடைந்துவிட்டது.

பொய்ரோ மட்டுமே விதிவிலக்கு என்றும் சொல்ல முடியாது. காலின் டெக்ஸ்டரின் நாவல்களிலிருந்து உருவான ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ 1987 முதல் 33 படங்களாக வந்து, 2000 நவம்பர் 15 அன்று நாயகனின் மரணத்தோடு முடிந்தது. மோர்ஸின் இளமையைச் சொன்ன ‘என்டவர்’ தொடருக்கு அதைவிடக் கடினமான வேலை இருந்தது. நாயகன் பிற்காலத்தில் என்ன ஆவான் என்பது பார்வையாளருக்கு முன்பே தெரியும். இளம் மோர்ஸுக்குத் தந்தையைப் போல இருந்த இன்ஸ்பெக்டர் தர்ஸ்டேயைப் பற்றி முதிய மோர்ஸ் ஒருமுறைகூடப் பேசாதது ஏன் என்ற கேள்வி ஆண்டுகள் செல்லச் செல்ல அழுத்தம் பெற்றது. 36 படங்களையும் எழுதிய ரஸ்ஸல் லூயிஸ் 2023 மார்ச் 12-இல் ஒளிபரப்பான கடைசிப் படத்தில் அதற்கு விடை வைத்தார். தர்ஸ்டே ஒரு கொலை செய்திருக்கிறார். மோர்ஸுக்கு அது தெரிகிறது. அன்பின் பொருட்டு அவர் வாழ்நாள் முழுவதும் மௌனம் காக்கிறார். உண்மையைத் தேடுவதே பிழைப்பான ஒருவர், ஓர் உண்மையைப் புதைத்துக்கொண்டு வாழ வேண்டியதாகிறது. இங்கேயும் தொடர் முடிந்தது நாயகனின் நம்பிக்கை சோதிக்கப்பட்ட இடத்தில்தான். வெவ்வேறு எழுத்தாளர்கள், வெவ்வேறு நாயகர்கள். ஆனால் முடிவை முன்னறிந்த இரு தொடர்களும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

கடைசியாக, களைத்து வரும் மக்களுக்கு ஆறுதல் தரும் ஒரு பொழுதுபோக்கைச் சோகத்தில் முடிக்க வேண்டுமா என்ற கேள்வி எஞ்சுகிறது. அந்த ஆறுதலை யாரும் பறிக்கவில்லை. 1989-இன் பொய்ரோ இன்றும் அதே மிடுக்கோடு லண்டன் தெருக்களில் நடக்கிறார். வேண்டும்போது போட்டுப் பார்க்கலாம். ‘கர்ட்டன்’ பார்த்தபின் பழைய படங்களுக்குத் திரும்புகிறவருக்கு அவற்றின் சுவை குறைவதில்லை, கூடுகிறது. விளையாட்டாகத் தெரிந்த ஒழுங்குப் பித்துக்கு அடியில், உலகம் சீராக இருக்க வேண்டும் என்று மனமார விரும்பிய ஒருவரின் தவிப்பு அப்போது புலப்படுகிறது. நல்ல முடிவு பின்னோக்கியும் வேலை செய்கிறது; முதல் பகுதியையும் அது செழுமையாக்குகிறது.

ஆகவே, ஒரு துப்பறியும் தொடர் முடிவை நெருங்குகிறது என்றால் அதைத் தயாரிப்பவர்களும் ஒளிபரப்புபவர்களும் அதற்கு இரண்டைக் கொடுக்க வேண்டும்: எப்போது முடியும் என்ற அறிவிப்பும், முடித்துக்கொள்வதற்கான அவகாசமும். பார்வையாளர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. இன்னும் ஒரு பருவம் வேண்டும் என்று கேட்பது அன்பின் இயல்பு. அதைவிட மேலான அன்பு, இத்தனை ஆண்டுகள் நம்மோடு இருந்தவரின் கதையை முழுமையாகச் சொல்லி முடியுங்கள் என்று கேட்பது. பொய்ரோ தொடரை எடுத்தவர்கள் அதைச் செய்து காட்டினார்கள். அதைவிடக் குறைவான ஒன்றை நாம் இனி ஏற்கக் கூடாது.